பந்து கையிலிருந்தால் நீ

செப்ரெம்பர் 3, புதன்

சோளகக் காற்று இன்னும் விடவில்லை. முற்றம் முழுக்கப் புழுதி. ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகள் முப்பத்தொன்று, திருத்தியது பன்னிரண்டு. மிச்சம் மேசையில், பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்.

அம்மாவின் பிரஷர் குளிசை வெள்ளி வரைதான். தண்ணீர் பவுசர் இன்றும் வரவில்லை.

பின்னேரம் ஓவசியர் வீட்டில் ஆட்டம். 11–8. நான். இந்தக் கிழமை மூன்றாவது வெற்றி. நாற்பத்தைந்து வயதில் இடது கையால் போடப் பழகியிருக்கிறேன். எழுதும்போது சிரிப்பு வருகிறது. யாரும் பார்க்கவில்லை.

அண்ணாவின் மனைவி தர்சியோடு விதிகள் பற்றி மறுபடி சண்டை. ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கலாம்:

பதினொன்று வரை. ஒரு கூடைக்கு ஒன்று.
சாமியறை வாசலைத் தாண்டினால் பந்து மற்றவருக்கு.
சுவரில் முளைத்த ஆலங்கன்றில் பட்டு விழுந்தாலும் செல்லும்.
கிணற்றுக்குள் போனால் கடைசியாகத் தொட்டவர் எடுக்க வேண்டும். (நான் இரண்டு முறை. அவள் ஒரு முறையும் இல்லை.)
பந்து கையிலிருந்தால் நீ. மற்றபடி நீர்.

கடைசி விதி தர்சி கொண்டுவந்தது. அண்ணா கனடாவுக்குப் போன அடுத்த வருடம், ஊர்காவற்றுறையில் வெல்டிங் கடைக்காரரைக் கொண்டு வளையம் செய்து, கூரை போன அந்த வீட்டுச் சுவரில் பூட்டினோம். ஓவசியர் குடும்பம் தொண்ணூறில் போனது, திரும்பி வரவில்லை. ஹோலின் சிவப்புச் சீமெந்து மட்டும் இன்னும் வழுவழுவென்று கிடக்கிறது. முதல் நாளே தர்சி இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீர் தள்ளும், நீர் விடும் எண்டு சொல்லிக்கொண்டு என்னெண்டு மச்சாள் இடிக்கிறது? மரியாதையா இடிக்க ஏலாது." அன்றிலிருந்து வாசற்படி தாண்டினால் நான் அவளுக்கு நீ, அவள் எனக்கு நீ. வீட்டுக்கு வந்தால் மறுபடி மச்சாள், நீர், வாரும், இரும்.

இப்போது அந்த விதி அவளுக்கு மறந்துவிட்டது. எப்போது விட்டாள் என்று நினைவில்லை. இன்றும், "நீர் நல்லா விளையாடுறீர் மச்சாள், எனக்கு மூச்சு வாங்குது" என்றாள். ஆட்டக்காரியாக என்னை மதிக்கத் தொடங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பிழையா?

அம்மா கட்டிலிலிருந்து வழமையான கேள்வி. "ஆர் வெண்டது?"
"நான்."
"ம்."


செப்ரெம்பர் 5, வெள்ளி

குளிசை வாங்கியாயிற்று. பவுசரும் வந்தது. இரண்டு பெரல் நிறைத்தோம்.

பஸ்ஸில் எனக்குப் பின் சீற்றில் இரண்டு பெண்கள். நான் இருப்பது தெரியாது.

"ரீச்சரும் மச்சாளும் பின்னேரத்தில பாழ்வீட்டுக்குள்ள என்ன செய்யினம்?"
"பந்தடிக்கினம்."
"உந்த வயசிலயோ?"
"பிள்ளை குட்டி இல்லை, வேற என்ன செய்யிறது."

இறங்கும்போது திரும்பிச் சிரித்தேன். கூட இறங்கிய ஒருத்தி குடையை விரித்தாள், மழையே இல்லை.

அவர்கள் சொன்னதில் பொய் எதுவுமில்லை. அதுதான் எரிச்சல். நான் கட்டவில்லை. தர்சி கட்டிப் பதினொரு வருடம், அதில் அண்ணாவோடு கூட இருந்தது இரண்டு.

வவுனியாவிலிருந்து வதனி ரீச்சர் போன் எடுத்தார். விரிவுரையாளர் வேலை பிடித்திருக்கிறதாம், குவாட்டர்ஸ் கிணற்றில் நல்ல தண்ணீராம். எனக்கு வந்த இடம் அது. ஏப்ரலில் கடிதம் வந்து பதின்மூன்று நாள் கைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். தர்சி அன்று வளையத்துக்குக் கீழே பந்தை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். "நீர் போனா நான் ஆரோட விளையாடுறது?"

ஒரு மனுசிக்கு நான் வேண்டும் என்பது நல்ல சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இப்போதும் அப்படித்தான், பெரும்பாலும்.

11–9. நான்.


செப்ரெம்பர் 8, திங்கள்

காலையில் அண்ணா ரொறன்ரோவிலிருந்து. தர்சி கிணற்றடியில், அதனால் போனை நான் எடுத்தேன்.

"சுகி, தர்சி வரேக்க ஒடியல் மா குடுத்துவிடு. இஞ்ச கிடைக்கிறது பழசு."
"எங்கை வரேக்க?"

அந்தப் பக்கம் ஒரு வாகனம் போகும் ஒலி மட்டும்.

"அவள் உனக்குச் சொல்லேல்லையோ?"
"எதை?"
"விசா ஜனவரியில வந்திட்டுதெல்லே. அம்மான்ர கண் ஒப்பரேசன் முடியட்டும் எண்டு நிண்டவள். ரிக்கற் இருபதாம் திகதி, சனி. ஐயோ சுகி, நான் நினைச்சன் உங்க எல்லாருக்கும்..."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாடம், நாலாம் பாடம். கரும்பலகையில் திகதியைப் பிழையாக எழுதினேன், 20 என்று. பிள்ளைகள் திருத்தினார்கள்.

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரம் வழக்கம்போலப் போனோம். இன்று முதல்முறையாகப் பந்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். நான் வலப்பக்கம் திரும்பும்போது அவள் குதி நிலத்தை விட்டு எழும்பவேயில்லை. கையைத் தூக்குகிறாள், ஆனால் நான் போட்ட பிறகு. பந்து சுவரில் பட்டு வரும்போது அரை அடி பின்னால் நிற்கிறாள். மாவட்டத்துக்கு விளையாடியவள், என்னைவிட ஐந்து வயது குறைந்தவள், என் தலைக்கு மேலால் பந்தைப் பறிக்கிற உயரம். அரை அடி பின்னால்.

"அருமையான ஷொட் மச்சாள். நீர் இப்ப என்னைவிட நல்லா..."

11–7. நான்.

அம்மா: "ஆர் வெண்டது?"
கறி கருகுகிறது என்று குசினிக்குப் போனேன்.


செப்ரெம்பர் 9, செவ்வாய்

காய்ச்சல் என்று லீவு. காய்ச்சல் இல்லை.

என் பழைய டயறிக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். போன வருடம் முழுக்க நான் வென்றது மூன்று. ஒரு நாள் அவளுக்கு வயிற்றுக்குத்து. ஒரு நாள் மழையில் தரை வழுக்கியது. ஒன்று மட்டும் என்னுடையது.

ஜனவரியில் நாலு நாள் கொழும்புக்குப் போனாள், ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணம் என்று. கலியாணப் படம் ஒன்றும் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு திரும்பி வந்தாள். திங்கள், 11–9, நான். சிவப்புப் பேனையால் எழுதி அடியில் இரண்டு கோடு. "இண்டைக்கு நீர்தான் ராணி" என்று சொல்லி ஊர்காவற்றுறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள்.

நீர்தான் ராணி. சாமியறைக்கும் வளையத்துக்கும் நடுவில் நின்று சொன்னாள், பந்து அவள் கையில் இருந்தது. அதையும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டுச் சந்தோசப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் அவள் வாயிலிருந்து நீ இல்லை. எருமை இல்லை, குருடி இல்லை. போன வருடம் பக்கத்துக்கு ஒரு ஏச்சு. இந்த வருடம் பாராட்டு மட்டும்.

மரியாதை என்று நினைத்தேன். தமிழ் படிப்பிக்கிறவள் நான். முன்னிலைப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டுக் காட்டுகிறவள்.

ஏப்ரல் பக்கத்தைத் திறந்தேன். கடிதம் கைப்பையில் இருந்த பதின்மூன்று நாளும் நானே வென்றிருக்கிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

மூடிவிட்டேன்.


செப்ரெம்பர் 11, வியாழன்

கொப்பிகள் முடிந்தன. பத்துப் பேர் ஒரே பிழை.

முதலில் அம்மாவிடம் கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"
"என்ன?"
"தர்சி போறது."
அம்மா போர்வையின் நுனியை மடித்தார். "தை மாசம்."
"எனக்கு ஏன் சொல்லேல்லை?"
"சொன்னா நீ முகத்தைத் தூக்கி வைச்சிருப்பாய் பிள்ளை. அவளும் பாவம், எத்தினை வருசம் காத்திருந்தவள்."
"நான் பாவமில்லையோ?"
"உனக்கென்ன, உனக்கு உத்தியோகம் இருக்கு."

பிறகு குசினி. தர்சி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டதை அண்ணா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் வாசலில் நின்றதுமே கத்தியை வைத்துவிட்டாள்.

"நான் சொல்லத்தான் இருந்தனான் மச்சாள்."
"எப்ப? எயார்போட் வானுக்குள்ள ஏறின பிறகோ?"
"ஒவ்வொரு நாளும் சொல்லவெண்டுதான் அந்த வீட்டுக்கு வருவன். நீர் பந்தைத் தூக்கிக்கொண்டு வரேக்க உம்மட முகத்தைப் பார்த்தா ஏலாமல் போயிடும்."
"அதாலை விட்டுத் தந்தனீர்."
"விட்டுத் தரேல்லை. கொஞ்சம் மெதுவா விளையாடினனான்."
"ஒன்பது மாசமோ?"
"நீர் சந்தோசமா இருந்தனீர் மச்சாள்."

மீனின் இரத்தம் பலகையில் வழிந்தது. நான் கேட்க நினைத்தது வேறு. கேட்டேன்.

"வவுனியாவுக்கு நான் போகாமல் இருக்கிறதுக்கோ விட்டனீர்?"

கையைக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள்.

"முதல் அதுக்கில்லை" என்றாள்.

முதல்.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.


செப்ரெம்பர் 14, ஞாயிறு

காற்று கொஞ்சம் தணிவு.

சூட்கேஸ் இரண்டு, இருபத்துமூன்று கிலோப்படி. பக்கத்து வீட்டிலிருந்து தராசு. ஒடியல் மா, மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, அண்ணாவுக்குக் கட்டச் சாரம் நாலு. அவளுடைய விளையாட்டுச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பாரம் என்று. நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

நாள் முழுக்கச் சனம். எல்லோருக்கும் தேத்தண்ணீர் நான். வந்தவர்கள் அவளிடம் சொன்னது, "குளிருக்கு நல்லா உடும்." என்னிடம் சொன்னது, "அம்மாவுக்கு நீராவது இருக்கிறீர்." ஆவது.

ஓர் ஆளும் நான் ஏன் வவுனியாவுக்குப் போகவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பந்தாட்டத்தில் வென்றுகொண்டிருந்தேன் என்றா?

பின்னேரம் சாட்டிக் கடற்கரையைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்றாள். "வாருமன் மச்சாள்." தலையிடி என்றேன். சித்தப்பாவின் மகள்களோடு போனாள். செருப்பு நிறைய மணலோடு வந்தாள். விறாந்தையைக் கூட்டியது நான்.

ஆறு நாளாக ஆட்டமில்லை.


செப்ரெம்பர் 17, புதன்

வாங்க: அம்மாவுக்குக் கண் மருந்து, பல்ப், சவர்க்காரம்.

நானே கேட்டேன். எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை இங்கேயாவது எழுதலாம். அவள் பாஸ்போட்டைப் பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆட்டம். உண்மையா. விட்டுத் தராமல்."
"இப்பவோ?"
"போறதுக்கு முதல் எப்பவெண்டாலும்."
"கால் பிரண்டா என்ன செய்யிறது மச்சாள்? நொண்டிக்கொண்டு பிளேன் ஏறவோ? உம்மட அண்ணா வந்து நிப்பார் எயார்போட்டில."
"சரி."
"கோவிக்காதையும்."
"கோவமில்லை."

கோபம்தான். என்னிடமிருந்த ஒரே ஒரு விளையாட்டு அது. அதையும் அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போகிறாள், நான் கேளாமலே. அன்பளிப்பைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பேன். எப்படிக் கொடுப்பது?

என் உண்மையான தரம் என்ன என்பதுகூட எனக்குத் தெரியாது. இடது கை உண்மையா? தெரியாது. இதை எனக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளுக்கு வெள்ளி பத்து மணிக்குக் கொழும்புக்கு வான்.


செப்ரெம்பர் 19, வெள்ளி

விடிகிற நேரம் யன்னலில் பந்து பட்டது. முதலில் தேங்காய் விழுந்தது என்று நினைத்தேன். மறுபடி பட்டது.

"வாடி வெளியில."

எழும்பிப் பார்த்தேன். முற்றத்தில் தர்சி. பழைய காற்சட்டை, அண்ணாவின் சேர்ட், காலில் அந்தச் சப்பாத்து.

"என்னடி பார்க்கிறாய்? விளையாடவேணும் எண்டனியெல்லே. வா."

முகம் கழுவாமல் போனேன். காற்று இல்லை. மாதக் கணக்குக்குப் பிறகு காற்றே இல்லாத காலை. சாக்கு ஒன்றுக்கும் இடமில்லை.

முதல் பந்து எனக்குத் தந்தாள். இடப்பக்கம் போனேன், ஜனவரியிலிருந்து நான் வளர்த்த அந்தத் திரும்பல், இடது கை. பந்து என் விரலை விட்டதும் அவள் கை மேலே இருந்தது. அடித்த அடியில் பந்து சாமியறைக்குள் போய் விழுந்தது.

"உந்த இடக்கையை நான்தான்டி வளர்த்தனான்" என்றாள். "அதை எனக்கே காட்டுறியோ?"

1–0. 2–0. ஐந்து வரை நான் பந்தைத் தொட்டது அவளுக்கு எடுத்துக் கொடுக்கத்தான்.

"குருடி, வளையம் அங்கை."
"தள்ளாதை."
"தள்ளுவன். நீயும் தள்ளன். ரீச்சர் எண்டு பயமோ?"

தள்ளினேன். தோளால், முழுப் பாரத்தோடு. அவள் சறுக்கி முழங்காலால் விழுந்தாள். கால், பிளேன், அண்ணா. அவள் அங்கே கிடந்தபடியே கத்தினாள், "போடடி மோட்டு எருமை, பார்த்துக்கொண்டு நிக்கிறாய்!" போட்டேன். விழுந்தது. 6–1.

அடுத்த முறை அவள் முழங்கை என் உதட்டில். இரத்தம். மன்னிப்புக் கேட்கவில்லை, பந்தை எடுத்துக்கொண்டு போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு மூன்று போட்டேன். ஒன்று ஆலங்கன்றில் பட்டு. இரண்டு வலது கையால், தூரத்திலிருந்து, என் பழைய ஷொட். கடைசிக்கு அவள் கை எட்டியும் எட்டவில்லை. உண்மையாகவே எட்டவில்லை. குதி எழும்பியது, பார்த்தேன்.

11–4. தர்சி.

சிவப்புச் சீமெந்தில் இரண்டு பேரும் மல்லாந்து கிடந்தோம். மேலே கூரையில்லாத வானம். அவள் முழங்காலில் ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் இல்லை.

"நீ மோசமில்லை" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "நாலு நல்ல கணக்கு. ஜனவரிக்கு முதல் நீ ரெண்டுக்கு மேல எடுக்கிறதே பெரிய பாடு."
"அப்ப ஒன்பது மாசத்தில நான் கண்டது ரெண்டு புள்ளி."
"ஓம்."
"வவுனியாவைக் குடுத்து."

எழுந்து வாசலுக்குப் போனாள். படிக்கு இந்தப் பக்கம் நின்று, முதுகைக் காட்டியபடி, "நான் செய்தது பிழை சுகி. எனக்குத் தெரிஞ்சுதான் செய்தனான்" என்றாள். மச்சாள் என்று சொல்லவில்லை. பிறகு படியைத் தாண்டினாள்.

பத்து மணிக்கு வான். சனம். காயத்துக்குப் பிளாஸ்ரர் ஒட்டி, மேலே சாறி. நொண்டினாள், யாரோ கேட்க, கிணற்றடியில் வழுக்கினது என்றாள். அம்மா அழுதார். என் வீங்கிய உதட்டைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"போட்டு வாறன் மச்சாள். நீர் கவனமா இரும். அம்மாவைப் பாரும்."
"ஓம். நீரும்."


செப்ரெம்பர் 21, ஞாயிறு

போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் ஒன்று வந்தது, அண்ணாவும் அவளும், தடித்த ஜக்கெற். சாப்பிட்டீங்களோ மச்சாள் என்று எழுதியிருந்தாள். நீங்கள். தொலைபேசியில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தெரியும்.

கட்டில் விரிப்பு இரண்டு தோய்த்தேன். பவுசர் நாளை.

இந்த வருடக் கொப்பியில் ஜனவரியிலிருந்து என் வெற்றிகள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டினேன். சிவப்பு மையை நீலத்தால் வெட்ட நேரம் எடுத்தது. ஏப்ரலின் பதின்மூன்று நாளையும் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும், யாராவது எனக்கு நல்லது செய்ய வரும்போது எடுத்துப் பார்க்கலாம்.

பின்னேரம் தனியாக ஓவசியர் வீடு. போட்டேன், ஓடி எடுத்தேன், போட்டேன். எதிரே ஆளில்லாவிட்டால் எல்லாமே விழுகிறது. அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டேன். பந்துக்குக் காற்று இறங்கியிருக்கிறது. காற்றடிக்கும் ஊசி எப்போதும் அவளுடைய பேர்ஸில்தான்.

அம்மா கட்டிலிலிருந்து, பழக்கத்தில், "ஆர் வெண்டது?"

"தர்சி."

"எத்தினைக்கு?"

"பதினொண்டுக்கு நாலு."